முகாம் எனும் சொல்லும் சிறார் நூல்களும்

'முகாம்' எனும் சொல் நம் மொழிக்கு அரபியிலிருந்து பாரசீகம், உருது வழியாக வந்து சேர்ந்தது. 'காம' எனும் வினையடிக்கு எழுந்தான், நின்றான் என்று பொருள். அதிலிருந்து கிளைத்த 'மகாம்' நிற்குமிடத்தையும், 'முகாம்' தங்குமிடத்தையும் குறிக்கும். இப்ராஹீம் நபி நின்று கஃபாவை எழுப்பிய இடம் 'மகாமு இப்ராஹீம்' எனப்படுகிறது. ஆன்மப் பயணத்தில் கடக்க வேண்டிய படிநிலைகளை ஸூஃபிகள் 'மகாமாத்' என்றனர். தமிழிலும் இதற்கு நிகரான பழஞ்சொற்கள் உண்டு. பாசறை, பாடிவீடு, பாளையம் ஆகியன யாவும் படை இறங்கித் தங்கிய இடத்தைச் சுட்டியவையே. 1755இல் ஹைதர் அலீ ஃபவ்ஜ்தாராக வந்து அமர்ந்த திண்டுக்கல்லும், மலைக்கோட்டையைச் சுற்றிய இச்சமவெளியும் பாளையங்களின் பூமியாகவே நெடுங்காலம் இருந்தன.

இன்றைய அரபியில் முகாமுக்கு 'முகய்யம்' என்பர். கூடாரத்தைக் குறிக்கும் 'கைமா'விலிருந்து பிறந்த சொல் அது. செல்வர் வீட்டுப் பிள்ளைகள் விடுமுறையில் சென்று விளையாடும் இடமும் முகய்யம். லெபனானில் ஃபலஸ்தீனர் மூன்று தலைமுறைகளுக்கு மேலாக வாழும் ஐனுல் ஹில்வாவும் முகய்யம். தமிழிலும் இதே நிலைதான். கண் சிகிச்சை முகாம், இரத்ததான முகாம், நம் மக்தப்கள் மே மாதத்தில் நடத்தும் கோடைக்கால தீனியாத் முகாம், திண்டுக்கல் கிழக்கு வட்டத்துத் தோட்டனூத்தில் உள்ள இலங்கைத் தமிழர் முகாம் என யாவற்றுக்கும் ஒரே சொல்லையே புழங்குகிறோம். பத்து வயதுப் பிள்ளை இச்சொல்லைக் கேட்கும்போது அதன் மனத்தில் எது தோன்றும் என்பது அப்பிள்ளை எங்கே பிறந்தது என்பதைப் பொறுத்தது. சிறாருக்கென எழுதப்பட்ட நூல்கள் இவ்வேறுபாட்டை எப்படிக் கையாண்டுள்ளன என்று பார்க்க விரும்புகிறோம்.

விடுமுறை முகாம் பற்றிய நூல்களில் நெடுநேரம் நிற்க வேண்டியதில்லை. எனிட் பிளைட்டனின் ஐவர் குழுக் கதைகளில் முகாமடிக்கும் கதை 1948இல் வெளிவந்தது. நம் ஊர் ஆங்கிலவழிப் பள்ளி மாணவர்கள் இவ்வரிசையைப் பல பத்தாண்டுகளாக வாசித்து வருகின்றனர். கூடாரம், புல்வெளி, ரொட்டி, மர்மம் எல்லாம் அதில் உண்டு. அதே 1948இல் பிரிவினையால் பெயர்ந்தோர் டெல்லியிலும் குருக்ஷேத்திரத்திலும் கூடாரங்களில் இருந்தனர். ஃபலஸ்தீனரின் முதல் கூடாரங்களும் அவ்வாண்டுதான் எழுந்தன. இதைச் சுட்டுவது பிளைட்டனைக் குறைகூற அன்று. அவருடைய முகாமுக்கு முடிவு நாள் உண்டு. அந்நாளில் அனைவரும் வீடு திரும்புவர். அவ்வுறுதி இருப்பதனால்தான் அது விளையாட்டாகிறது. நாம் பேசப்போகும் ஏனைய முகாம்கள் அனைத்திலும் இல்லாதது இந்த ஒன்றே.

ஐரோப்பிய வதைமுகாம்களைச் சிறாருக்குச் சொல்லும் நூல்கள் ஒரு தனித் துறையாகவே வளர்ந்துள்ளன. அவற்றுள் பெரிதும் வாசிக்கப்படும் ஆன் ஃபிராங்கின் நாட்குறிப்பு, உண்மையில் முகாமைப் பற்றியதன்று. 1944 ஆகஸ்ட் முதல் நாளோடு அது நின்றுவிடுகிறது. அப்பெண் பிடிபட்டு ஆஷ்விட்ஸ், பெர்கன் பெல்சன் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டது அதற்குப் பிறகே. நூல் நின்றுபோன இடத்தை வாசிக்கும் சிறுமி தன் அறிவைக் கொண்டு நிரப்பிக்கொள்கிறாள். அவ்வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்ப முயன்றவர்களில் ஜான் பாய்ன் ஒருவர். கோடிட்ட உடையணிந்த சிறுவனைப் பற்றிய அவரது 2006ஆம் ஆண்டு நாவல் இந்தியப் பள்ளி நூலகங்களிலும் திரைப்படம் வழியாகவும் பரவலாக அறியப்பட்டது. முகாம் தளபதியின் ஒன்பது வயது மகன் வேலிக்கு அப்பாலுள்ள யூதச் சிறுவனோடு நட்புக் கொண்டு, வேலியின் கீழே நுழைந்து, அவனோடு மடிகிறான் என்பது கதை. ஆஷ்விட்ஸ் நினைவகம் 2020இல் இந்நூலைத் தவிர்க்குமாறு வெளிப்படையாகக் கேட்டுக்கொண்டது. அங்கு வந்திறங்கிய குழந்தைகளில் பெரும்பாலோர் உடனே கொல்லப்பட்டனர்; நாள்தோறும் வேலியோரம் அமர்ந்து உரையாட ஒரு சிறுவனுக்கு இயலாது என்பன போன்ற வரலாற்றுப் பிழைகள் பல எடுத்துக்காட்டப்பட்டன.

நமக்கோ அதைவிடப் பெரிய குறை ஒன்று படுகிறது. இக்கதையில் வாசகர் எவருக்காக அழுகிறார்? தளபதியின் மகனுக்காகவே அழுகிறார். அவன் தாய் தேடுகிறாள். தந்தை உண்மையை உணர்ந்து நிலைகுலைகிறார். யூதச் சிறுவனைத் தேட நூலில் எவரும் இல்லை. முகாமின் கொடுமை வெளியிலிருந்து தவறிச் சென்ற பிள்ளையைத் தொட்டபோதுதான் பேரிழப்பாக உருக்கொள்கிறது. எழுத்தாளரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் வேலிக்கு வெளியே நின்று எழுதப்படும் நூல்கள் அனைத்துக்கும் இந்த ஆபத்து உண்டு. முகாம் பிள்ளை பிறர் நெஞ்சம் இளகுவதற்கான கருவியாகி, கதை முடிந்ததும் மறைந்துவிடுகிறது.

1942இல் அமெரிக்க அரசு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரைப் பாலைநிலங்களில் அடைத்து வைத்ததைப் பற்றி அவ்வம்சாவளியினரே பின்னாளில் சிறாருக்கு எழுதினர். மான்ஸனார் முகாமில் சிறுமியாக இருந்த ஜீன் வாகாட்சுகி ஹூஸ்டன் 1973இல் கணவரோடு சேர்ந்து எழுதிய நினைவு நூல் பள்ளிகளில் பாடமாயிற்று. 1962 போரின்போது நம் நாட்டிலும் சீன வம்சாவளியினர் சுமார் 3,000 பேர் ராஜஸ்தானின் தேவ்லி முகாமில் அடைக்கப்பட்டனர். நம் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேர் அப்பெயரைக் கேள்விப்பட்டிருப்பர்?

அகதி முகாம்களுக்கு வருவோம். பெஷாவர் அருகே ஆஃப்கன் அகதிகள் முகாமைக் களமாகக் கொண்டு கரென் லின் வில்லியம்ஸும் கத்ரா முஹம்மதும் 2007இல் வெளியிட்ட 'ஃபோர் ஃபீட், டூ சாண்டல்ஸ்' எனும் படநூல், தங்களைப் போன்ற பிள்ளைகளைப் பற்றி ஏன் நூல்கள் இல்லை என ஓர் அகதிச் சிறுமி கேட்ட கேள்வியிலிருந்து உருவானது. நிவாரணப் பணியாளர் வீசும் பழந்துணிக் குவியலில் லீனாவுக்கு ஒற்றைச் செருப்புக் கிடைக்கிறது. மஞ்சள் நிறம், நடுவே நீலப்பூ. அதன் இணை ஃபெரோஸா எனும் இன்னொரு சிறுமியின் காலில் இருக்கிறது. இருவரும் ஒரு நாள் ஒருவர், மறுநாள் மற்றவர் எனச் சோடியாக அணிய உடன்படுகின்றனர். அமெரிக்கா செல்வோர் பட்டியலில் லீனாவின் குடும்பப் பெயர் வரும்போது, ஆளுக்கொரு செருப்பை வைத்துக்கொண்டு பிரிகின்றனர். சிறிய கதை. தண்ணீருக்கான வரிசை, ஆற்றில் துணி துவைத்தல், பள்ளியில் இடம் போதாமையால் சிறுமியர் வெளியே நிற்பது ஆகியவை கதையை நிறுத்தி விளக்கப்படாமல் போகிற போக்கில் வந்து செல்கின்றன. குவியலை வீசும் கைகள் கதையில் முக்கியம் பெறவில்லை என்பதை மிகவும் போற்றுகிறோம். செருப்பைப் பங்கிடும் முறையை வகுத்தவர்கள் அப்பெண்பிள்ளைகள். எந்தத் தொண்டு நிறுவனமும் அதைக் கற்பிக்கவில்லை.

ஆயினும் படநூலின் பக்க அளவுக்குள் அடங்காத ஒன்று உண்டு. அதுவே முகாமின் காலம். பட்டியலில் பெயர் வருவதற்கு முன் எத்தனை ஆண்டுகள் கழிந்தன? அதை எழுதிக் காட்டிய நூலென நாம் கருதுவது 2020இல் வெளிவந்த 'வென் ஸ்டார்ஸ் ஆர் ஸ்கேட்டர்ட்' எனும் சித்திர நாவல். தலைப்பைக் கேட்டதும் அரபி ஓதியவர்களுக்கு 'அல் இன்ஃபிதார்' அத்தியாயத்தின் தொடக்கம் நினைவுக்கு வரும். கென்யாவின் தாதாப் முகாமில் வளர்ந்த சோமாலியரான உமர் முஹம்மத் தம் கதையைச் சொல்ல, விக்டோரியா ஜேமிசன் அவரோடு சேர்ந்து எழுதி வரைந்தார். போரில் தாயைப் பிரிந்த உமருக்கு ஹஸன் எனும் இளவல். ஹஸனுக்குப் பேச்சு வராது. தாயைக் குறிக்கும் 'ஹோயோ' எனும் ஒற்றைச் சோமாலிச் சொல்லைத் தவிர வேறெதுவும் அவன் வாயில் வருவதில்லை. தம்பியை விட்டுவிட்டுப் பள்ளிக்குப் போவதா என்பதே நூலின் முதற்பகுதி முழுவதும் உமரை அலைக்கழிக்கும் வினா. போரும் தப்பியோட்டமும் பின்னோக்கிய நினைவாகச் சில பக்கங்களில் மட்டுமே வருகின்றன. எஞ்சியவை எல்லாம் நாட்கள். உணவுப் பங்கீட்டு நாள், அதற்கு முந்தைய வெறும் வயிற்று நாட்கள், பந்து விளையாடும் மாலைகள், தேர்வு, நேர்காணலுக்கான பெயர்ப் பட்டியல் ஒட்டப்படும் நாள், பெயர் இல்லாத நாள்.

தாதாபில் 'பூஃபிஸ்' என்றொரு சொல் புழங்குகிறது. வேற்று நாட்டில் குடியமர்த்தப்படுவோம் எனும் ஏக்கம் முற்றி, இருக்கும் இடத்தில் மனம் ஒட்டாமற்போகும் நிலையை அது குறிக்கும். தங்குமிடத்தைச் சுட்டும் 'முகாம்' எனும் சொல்லுக்கு நேர் எதிரான மனநிலை. உடலால் தங்கியிருக்கும் மனிதர் உள்ளத்தால் எங்கும் தங்குவதில்லை. இந்நூலில் நன்றாகப் படிக்கும் உடன் பயிலும் சிறுமியை இளமையிலேயே மணமுடித்துக் கொடுத்துவிடும் நிகழ்வும் உண்டு. முஸ்லிம் சமூகத்தின் குறையைப் பிறர்முன் விரிப்பதாக நம்மில் சிலர் முகஞ்சுளிக்கலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. அதைச் சொல்பவர் அம்முகாமின் பிள்ளை. தன் வகுப்பின் வெற்றிடமான இருக்கையை அவர் சொல்கிறார். இதையே வெளியாள் ஒருவர் சொல்லியிருந்தால் நம் அளவுகோல் மாறியிருக்கும்.

இங்கே கஸ்ஸான் கனஃபானியை நினையாமல் மேற்செல்ல இயலாது. அக்காவில் 1936இல் பிறந்து, பன்னிரண்டாம் வயதில் ஊரை இழந்த அவர், இளைஞராக இருந்தபோது திமிஷ்க் நகரில் ஐ.நா. நிவாரண அமைப்பின் பள்ளியில் அகதிப் பிள்ளைகளுக்கு ஆசிரியரானார். பாடத்திட்டப்படி ஆப்பிளும் வாழைப்பழமும் வரையக் கற்பிக்க வேண்டியிருந்தது. கரும்பலகையில் அவற்றை வரைந்துகொண்டிருந்தபோதே தமக்குப் பின்னால் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கும் இக்கனிகளுக்கும் ஒரு தொடர்பும் இல்லையென உணர்ந்து, பலகையை அழித்துவிட்டு, முகாமை வரையுங்கள் என்றார். சில நாட்களில் வந்த ஆய்வாளர் பாடத்திட்டத்திலிருந்து விலகிய இவர் தோற்றுப்போன ஆசிரியர் என முடிவுகட்டினார். தம்மைத் தற்காத்துப் பேச நேர்ந்ததே தம்மை ஃபலஸ்தீனப் பிரச்சினைக்குள் இட்டுச்சென்றதாகக் கனஃபானி பின்னர் எழுதினார். கற்பித்தலை வாழ்வாகக் கொண்ட நமக்கு இந்நிகழ்வு பல நூல்களைவிட மேலானதாகத் தோன்றுகிறது. ஐனுல் ஹில்வாவில் வளர்ந்த நாஜி அல்அலீயின் ஓவியங்களைக் கண்டெடுத்து முதலில் அச்சேற்றியவரும் இவரே. அந்த ஓவியர் 1969இல் படைத்த ஹன்ளலா எனும் வெறுங்கால் சிறுவனுக்கு என்றும் பத்து வயதுதான். ஓவியர் ஊரை இழந்த வயது அது.

ஆனால் இதே கனஃபானி தம் சகோதரியின் மகள் லமீஸுக்கு 1963இல் பிறந்தநாள் பரிசாக எழுதி வரைந்த 'அல்கிந்தீல் அஸ்ஸகீர்', அதாவது சின்ன விளக்கு, எனும் சிறுவர் கதையில் முகாமே இல்லை. அரசி ஆக வேண்டுமானால் சூரியனை அரண்மனைக்குள் கொண்டுவர வேண்டும் என்பது இளவரசிக்கு மறைந்த மன்னர் விதித்த கட்டளை. விளக்கேந்திய முதியவர் ஒருவரைக் காவலர் வாயிலில் விரட்டுகின்றனர். இறுதியில் விளக்கேந்திய மக்கள் திரளாக வர, அவர்கள் நுழைய வாயில் போதாமல் மதில்கள் இடிக்கப்படுகின்றன. வெளிச்சம் உள்ளே பாய்கிறது. முகாம் பிள்ளைகளை முகாமை வரையச் சொன்ன ஆசிரியரே, தம் வீட்டுப் பிள்ளைக்கு மதில் இடியும் கதையைத் தந்தார். இவ்விரண்டும் முரண் எனக் கொள்ளத் தேவையில்லை. முகாம் பிள்ளைக்கு எந்நேரமும் முகாமையே வாசிக்கக் கொடுப்பதும் ஒருவகைச் சிறையே. தன் இடத்தைக் கண்டுகொள்ள ஒரு நூல், அதைக் கடந்து செல்ல ஒரு நூல், இரண்டும் அப்பிள்ளைக்கு வேண்டும். 1972 ஜூலை 8ஆம் நாள் பெய்ரூத்தில் காரில் வைக்கப்பட்ட குண்டு வெடித்து கனஃபானியும் லமீஸும் ஒருங்கே கொல்லப்பட்டனர்.

இனி நம் வாசலுக்கு வருவோம். 1983 முதல் 3,04,269 பேர் இலங்கையிலிருந்து தமிழகத்துக்கு வந்ததாக அரசுக் கணக்கு. 2021 ஆகஸ்டில் சட்டமன்றத்தில் அளிக்கப்பட்ட விவரப்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். அப்போதுதான் 'அகதிகள் முகாம்' எனும் பெயர் 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றப்பட்டது; குழந்தைக்கான மாத உதவித்தொகை 400 ரூபாயிலிருந்து 500 ஆக உயர்ந்தது. 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 புதிய வீடுகள் திறந்து வைக்கப்பட்டன. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நம்மிடையே நிலவும் வாழ்க்கை இது. பெரியோருக்கான எழுத்தில் தொ. பத்திநாதனின் 'போரின் மறுபக்கம்' 2007இல் வந்து, முகாமின் ஆள் கணக்கெடுப்பையும் அறையின் நெருக்கடியையும் உள்ளிருந்தே சொன்னது. சிறாருக்கு? திண்டுக்கல் கடைத்தெருவிலும் நூலக அடுக்குகளிலும் நாம் தேடியதில், தாதாபையும் ஆஷ்விட்ஸையும் ஆங்கிலத்தில் காண முடிந்தது. தோட்டனூத்துப் பிள்ளை தன்னைக் காணத்தக்க தமிழ்ச் சிறார் நூல் ஒன்றும் நம் கைக்கு அகப்படவில்லை. தமிழ்ச் சிறார் பதிப்புலகம் கடந்த இருபதாண்டுகளில் வெகுவாக வளர்ந்துள்ள நிலையிலேயே இவ்வாறு.

நம் சமூகத்தையும் இங்கே விலக்கிப் பேசுவது நேர்மையாகாது. ஃபலஸ்தீன முகாம்களின் பெயர்கள் நம் குத்பாக்களில் ஒலிக்கின்றன. எம்.ஏ. நுஃமான் 1981இல் தமிழாக்கிய பலஸ்தீனக் கவிதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை நம்முடையது. அந்த அக்கறை மெய்யானது. ஆயினும் பேகம்பூரிலிருந்து பேருந்தில் எளிதில் சென்று திரும்பக்கூடிய தொலைவிலுள்ள முகாம் நம் பிள்ளைகளின் உலகில் இல்லை. 1987 ஜூலை முதல் நாளுக்குப் பின் இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு, பெற்றோரில் ஒருவரேனும் குடிமகனாக இராவிடில் பிறப்பால் குடியுரிமை கிட்டாது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் முஸ்லிம்களை விலக்கியதை எதிர்த்து நாம் வீதியில் அமர்ந்தோம். அதே சட்டம் இலங்கைத் தமிழரையும் விலக்கியது. நமக்கும் அம்முகாமுக்கும் பொதுவான பக்கம் ஒன்று இருந்தும் அது எழுதப்படவில்லை.

அதற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. நெஞ்சில் தைத்த முள் ஒன்றும் உண்டு. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் சுமார் 75,000 பேரை வெளியேற்றினர். யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கு அளிக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணி நேரம். அவர்கள் புத்தளத்தின் ஓலைக் குடிசை முகாம்களில் இறங்கினர். அங்கேயே ஒரு தலைமுறை பிறந்து வளர்ந்தது. அதே 1990இல் போருக்கு அஞ்சிய தமிழர்கள் படகேறி மண்டபம் வந்து இறங்கினர். முன்னொரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற கூலித் தொழிலாளரைத் தடுத்து வைத்துச் சோதித்த இடம் மண்டபம். அதன் இரயில் நிலையத்துக்கே 'மண்டபம் கேம்ப்' என்று பெயர். ஆக, ஒரே ஆண்டில், ஒரே மொழி பேசிய இரு பிள்ளைகள், கடலின் இரு கரைகளில் முகாமுக்குள் நுழைந்தனர். ஒரு பிள்ளையை விரட்டியவர்கள், மறுபிள்ளைக்காகப் போரிடுவதாகச் சொன்னவர்கள். தமிழில் முகாமைப் பற்றி எழுதப்படும் சிறார் நூல் எதுவாயினும் இவ்வுண்மையைக் கண்டும் காணாமல் செல்லக்கூடாது. ஆனால் மண்டபத்தில் இறங்கிய ஏழு வயதுப் பிள்ளையிடம் அதற்குக் கணக்குக் கேட்கவும் கூடாது.

இப்படியொரு நூலை எழுதுவதற்கான முன்மாதிரி நம்மிடம் இல்லை என்பார்க்கு ஒன்று சொல்வோம். ஹபஷா நாட்டு ஹிஜ்ரத்தைக் கூறும் நம் சிறுவர் நூல்கள் நஜ்ஜாஷி மன்னரின் அவையில் ஜஅஃபர் ஆற்றிய உரையோடு முடிந்துவிடுகின்றன. அதன்பின் அங்கேயே பல்லாண்டுகள் தங்கி, ஹிஜ்ரி 7இல் திரும்பியவர்களையும், அங்கே பிறந்த பிள்ளைகளையும் அவை பேசுவதில்லை. ஜஅஃபரின் மகன் அப்துல்லாஹ் அங்கே பிறந்தவர். உம்மு காலித் எனும் சிறுமியும் அவ்வாறே. அவள் மதீனா வந்தபின், நபி அவர்கள் பச்சையோ மஞ்சளோ வேலைப்பாடு கொண்ட கருப்புச் சிற்றாடை ஒன்றைத் தம் கையால் அவளுக்கு அணிவித்து, அவ்வேலைப்பாட்டைச் சுட்டி 'ஸனா' என்றதாக புகாரீயில் அறிவிப்பு உள்ளது. அழகு என்று பொருள்படும் அது, அரபிச் சொல் அன்று. ஹபஷா மொழிச் சொல். புலம்பெயர்ந்த மண்ணில் அச்சிறுமியின் காதில் விழுந்த மொழி அது. இரு சிறுமியரின் மஞ்சள் செருப்பை வாசித்தபோது நமக்கு இந்த ஆடையே நினைவில் வந்தது.

தோட்டனூத்துப் பிள்ளைக்கும் இரண்டு தமிழ் உண்டு. வீட்டில் அது 'கதைக்கும்'. பள்ளிக்கு வந்தால் 'பேசும்'. வீட்டில் 'பெடியன்', தெருவில் 'பையன்'. வகுப்பில் முதற்சொல் வாயில் வந்துவிட்டால் மற்றப் பிள்ளைகள் சிரிப்பர்; அதற்குப் பிறகு அப்பிள்ளை கவனமாக இருக்கும். இப்பிள்ளைக்கு எழுதப்போகிறவர் முதலில் முடிவுசெய்ய வேண்டியது கதையின் நிகழ்ச்சிகளை அன்று. எந்தத் தமிழில் எழுதுவது என்பதையே. அடிக்குறிப்பு இடாமல், மேற்கோள் குறிக்குள் ஒதுக்காமல், 'அம்மா என்னோடு கதைக்கவில்லை' என்று ஒரு வரி அந்நூலில் இயல்பாக நிற்குமானால், திண்டுக்கல் பிள்ளை அதன் பொருளைத் தானே விளங்கிக்கொள்ளும். முகாம் பிள்ளை அப்பக்கத்தை மீண்டும் ஒருமுறை திருப்பும்.